சுமதியின் கெண்டை

"அங்கன்னா எங்க?"

முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தப் பெண் கேட்டார். நான் கையை நீட்டியபடி நின்றேன். எதிரே ஒரு பாறை. பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று திரும்புகிற இடத்தில் ஒரு கெண்டை மேலே வந்து எதையோ கவ்விவிட்டுப் போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் "அங்க வீசுங்க மேடம்" என்று சொல்லியிருந்தேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அவருக்குக் கண் தெரியாது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மெல்ல இறக்கிக்கொண்டேன். கரையில் நின்ற அவருடைய கணவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

ஓடையில் காலை வெயில் இன்னும் இறங்கவில்லை. காயெடுப்பு முடிந்து மாதங்கள் ஆகியும், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் வாசனை சரிவு முழுவதும் நின்றது. அவர் தூண்டில் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, என் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

இத்தனை வருஷமாக நான் வழிகாட்டி. வழிகாட்டுவது என்றால் கையைக் காட்டுவதுதான் என்று அந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன்.

பொய் ஈ

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஜீப்பு வாங்கிய கதையைப் படித்துவிட்டு, போடி டீக்கடையில் ஒருவர் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் சரி, பூச்சியைக் கட்டி மீன் பிடிக்கிறீரே, அது என்ன சோலி? அதச் சொல்லவே மாட்டேங்கிறீரே" என்றார். அவருக்காகக் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

நம் கண்மாய்களில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். இது அப்படி இல்லை. முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றி ஓர் ஈயைப்போலச் செய்வோம். நான் அதற்குப் பொய் ஈ என்று பேர் வைத்திருக்கிறேன். ஈக்குக் கனம் கிடையாது. அதனால் தடித்த நூலின் கனத்தாலேயே அதை வீச வேண்டும். கம்பைப் பின்னால் கொண்டுபோய், நூல் முழுக்க நீண்டு முடிக்கும் வரை பொறுத்து, பிறகு முன்னால் விட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களின் ஈ மரத்தில்தான் போய் உட்காரும். எங்கள் ஓடையோரத்துக் காட்டு ஜாதிக்காய் மரத்தில் வெளியூர்க்காரர்கள் விட்டுப்போன ஈக்கள் நிறைய இருக்கின்றன.

எனக்கு இது வந்ததே ஒரு தற்செயல். அப்போது நான் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, தோட்டத்தில் லோடு இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை எனக்கு வேலை இல்லை. தோட்டத்து முதலாளிக்கு பெங்களூரிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலைக்காரர். அவர் ஓடையில் இறங்கி நாள் முழுக்கக் கம்பை ஆட்டிக்கொண்டே இருந்தார். கொசு விரட்டுகிறார் என்று நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கம்பு வில்லாக வளைந்தது. கையளவுக் கெண்டை ஒன்றை மேலே எடுத்தார், முத்தம் கொடுக்காத குறையாகப் பார்த்தார், திரும்பத் தண்ணீரில் விட்டார்.

பிடித்ததை விட்டுவிட்ட ஒரு மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊருக்குப் போகும்போது ஒரு பழைய கம்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊரான சிலமலையில், களத்துமேட்டில் வைத்து வீசிப் பழகினேன். தண்ணீர் இல்லாத களத்தில் ஒரு மனிதன் தினமும் தூண்டில் வீசினால் ஊர் சும்மா இருக்குமா? என் மனைவி பாண்டியம்மாளிடம் வந்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், ஓரிடத்தில் காட்டி மந்திரித்துவிடு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை சேவல்களைப் பற்றி. கழுத்து இறகு போன எங்கள் வீட்டுச் சேவல்கள் தெருவில் தலைகாட்ட வெட்கப்படுவதாக இன்றைக்கும் சொல்வாள்.

பிறகு அந்த முதலாளியே, தன் தோட்டத்துக்குள் ஓடுகிற ஓடையில் விருந்தாளிகளைக் கூட்டிப்போய் மீன் பிடிக்கச் சொல்லிக்கொடு என்றார். நான் இரண்டு நிபந்தனை சொன்னேன். பிடிக்கிற மீனைத் திரும்ப விட வேண்டும். மழைக்காலத்தில், மீன் முட்டையிடும் மாதங்களில், ஒருவரும் கம்பைத் தொடக் கூடாது. ஒரு ஜீப்பு டிரைவர் தனக்கு நிபந்தனை போடுகிறானே என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

வழுக்குமா?

அந்தப் பெண்ணின் பேர் சுமதி. அவரேதான் எனக்கு முதலில் போன் செய்தார். மதுரையில் ஒரு வங்கியில் அதிகாரி. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். சிறு வயதில் ஊர்க் கண்மாயில் தூண்டில் போட்டவராம். கல்லூரி முடிக்கிற நேரத்தில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு முழுதாகப் போய்விட்டது. இதையெல்லாம் வானிலை அறிக்கை வாசிப்பது போல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "உங்களுக்கு இதுல ஏதாச்சும் சங்கடமாண்ணே?" என்று கேட்டார்.

சங்கடந்தான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆத்துல பாறை வழுக்கும் மேடம்" என்றேன்.

"எல்லாருக்குந்தானே வழுக்கும்?"

இதற்குப் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவர் வருகிற நாளைச் சொல்லிவிட்டார்.

சித்திரை மாதம் வந்தார்கள். கூட வந்த கணவர் பிரபாகருக்குத் தண்ணீர் என்றால் பயம். கரையிலிருந்து நாலடி தள்ளியே நிற்பார். மனைவி ஓடையில் இறங்கும்போது இவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் சுமதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது பாறையிலேயே நிறுத்திவிட்டார். "நீங்க என்னப் பிடிக்காதீங்க. நான் உங்க முழங்கையப் பிடிச்சுக்கிறேன். நீங்க ஏறுனா எனக்குத் தெரியும், எறங்குனாத் தெரியும்" என்றார். அப்படியே நடந்தோம். அது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் கையை நீட்டிக்கொண்டு "அங்க" என்றது.

ரெண்டு ஜீப்பு நீளம்

"அங்க" என்பதை எப்படிச் சொல்வது என்று அவரே சொல்லிக்கொடுத்தார். கடிகாரம் போல நினைத்துக்கொள்ளச் சொன்னார். நேரே எதிரே பன்னிரண்டு. வலது கை நீட்டினால் மூன்று. இடது கை நீட்டினால் ஒன்பது. "பதினோரு மணிப் பக்கம்னு சொன்னீங்கன்னா நான் திரும்பிக்கிருவேன்."

திசை சரி. தூரம்? அடிக்கணக்கில் சொன்னால் நான் சொல்வது ஒன்றாகவும் இருப்பது ஒன்றாகவும் இருந்தது. என் கண்ணுக்கு அளவு தெரிந்த சாமான் உலகத்தில் ஒன்றுதான். "பதினோரு மணி, ரெண்டு ஜீப்பு நீளம்" என்றேன். சுமதி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவர் வீசிய ஈ சரியாக அந்தச் சுழலின் ஓரத்தில் போய் இறங்கியது.

கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்று சொல்லிச் சொல்லி நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். நானும் நம்பினேன். தண்ணீரில் 'தொபுக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் சுமதி ஆர்வமாகத் திரும்பி, மூன்று மணிப் பக்கம் மீன் என்றார். பார்த்தேன். தவளை. அன்றைக்கு முழுக்க அவர் கேட்டதெல்லாம் தவளைதான். அவருடைய ஈயும் மற்றவர்களுடையதைப் போலவே மரத்தில் போய் உட்கார்ந்தது. நான் ஏறி எடுத்துக் கொடுத்தேன்.

மற்றவர்களிடம் இல்லாத ஒன்று மட்டும் அவரிடம் இருந்தது. அவர் கேள்வி கேட்டார். தண்ணீர் எப்படி இருக்கிறது என்பார். நல்லா இருக்கு என்பேன். நல்லா இருக்கு என்றால் எப்படி என்பார். இடது பக்கம் வேகமா, வலது பக்கம் வேகமா, நுரை எந்தப் பக்கம் போகுது, நிழல் எங்க விழுது, அடியில கல்லா மணலா. ஒவ்வொரு கேள்விக்கும் நான் புதிதாகப் பார்க்க வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக நான் இறங்கி நிற்கிற ஓடை. அதன் அடியில் ஓரிடத்தில் மணல் வெள்ளையாகவும் அடுத்த இடத்தில் கறுப்பாகவும் இருப்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

அன்று மீன் ஒன்றும் விழவில்லை. அவர்கள் தோட்டத்து பங்களாவில் தங்கினார்கள். நான் வீட்டுக்கு இறங்கிவந்து, பொழுது சாய்வதற்குள் ஒரு காரியம் செய்தேன். துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, பாண்டியம்மாளை அழைத்து, வாய்க்கால் வரப்பில் என்னைக் கூட்டிப்போகச் சொன்னேன்.

"இந்தா இப்பிடிப் பாத்து வாங்க" என்றாள். அடுத்த அடியில் வாய்க்காலுக்குள் கிடந்தேன்.

அவள் சிரித்து முடிக்கும் வரை தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளுக்குக் கடிகாரத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் வெரசாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஒரு தடவைகூட என்னை விழவிடவில்லை. வீட்டு வாசலில் துண்டை அவிழ்க்கையில், "இம்புட்டு நாளு 'ம்', 'ம்ஹூம்' ரெண்டுலயே குடும்பம் நடத்துன ஆளு. மருதக்காரம்மா ஒரே நாள்ல உங்களப் பேச வச்சிருச்சே" என்றாள்.

அது உண்மைதான். இந்தத் தொடரை எழுதுகிற துணிச்சல் அங்கே ஆரம்பித்தது என்றே நினைக்கிறேன்.

வெள்ளம்

மறுநாள் பேச்சு எங்களுக்குப் பழகிவிட்டது. மேடம் போய் தங்கச்சி ஆகியிருந்தார். அவரே அப்படிக் கூப்பிடச் சொன்னார்.

ஓடை நடுவில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதில் நின்றால் கீழே இருக்கிற ஆழமான மடு வீச்சுக்கு வரும். கணுக்காலளவுத் தண்ணீரைக் கடந்து அங்கே போய் நின்றோம். பிரபாகர் வழக்கம்போல மரத்தோடு இருந்தார். தோட்டத்துக் காவல்காரர் தங்கராசு மேலே சரிவில் எங்கோ நின்றார். தினமும் காலையில் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து எனக்குத் தகவல் சொல்பவர் அவர்தான்.

உச்சி வெயில் தாண்டியபோது சுமதியின் நூல் இழுபட்டது.

சின்ன இழுப்பு இல்லை. கம்பு நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. ரீல் கிறீச்சிட்டது. சுமதி பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மீன் ஓடும்போது நூலை விட்டார், நின்றபோது சுற்றினார். நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. "ஒரு மணிப் பக்கம் போறான், வேருக்குள்ள விட்றாத" என்று மட்டும் சொன்னேன். அவர் கம்பை இடது பக்கம் சாய்த்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என் கம்பில் மீன் விழும்போது எனக்கு அப்படி அடித்ததில்லை.

அப்போது மேலேயிருந்து தங்கராசின் குரல் கேட்டது. "அண்ணே, வெள்ளம்."

தங்கராசு தமிழ்க்காரர்தான். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கேரளத்துப் பக்கத்து எஸ்டேட்டில். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தினமும் இந்த நேரத்துக்குக் குடிதண்ணீர்க் கேனோடு இறங்கி, "அண்ணே, வெள்ளம் வேணுமா?" என்று கேட்பது அவருடைய வழக்கம். "அப்புறம் குடிக்கிறோம்" என்று திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தேன்.

மறுபடியும் கத்தினார். "வெள்ளம் அண்ணே. பெட்டென்னு கேறி வாங்க."

சீக்கிரம் ஏறி வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். குடிதண்ணீருக்கு எதற்கு அவ்வளவு அவசரம்? குனிந்து என் காலைப் பார்த்தேன். தண்ணீர் பாறைமீது ஏறியிருந்தது. அதில் ஏல இலைச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நிறம் டீத்தண்ணீர் போல மாறிக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில். மேலே சோலைக்காட்டில் எங்கோ கோடை மழை கொட்டிவிட்டிருக்கிறது.

மீன் இன்னும் கம்பில் இருந்தது. களைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

"தங்கச்சி, மேல மழை. தண்ணி ஏறுது. நூல அறுத்துட்டுக் கரைக்குப் போகணும்" என்றேன்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"தெரியல."

அவருடைய முகம் இறுகியது. கம்பு அவர் கையில் துடித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் கழித்து அந்தத் துடிப்பு அவர் கைக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னார்.

"அறுங்க."

கத்தியால் நூலை வெட்டினேன். முள் கழலாமல் பிடித்துக்கொள்கிற உள்நாக்கை நாங்கள் நசுக்கித்தான் பயன்படுத்துவோம். கெண்டை தலையை உதறினால் முள் விழுந்துவிடும். அதை நினைத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட அப்போது நேரமில்லை.

வரும்போது கணுக்காலளவு இருந்த இடம் இப்போது முழங்காலுக்கு மேல் இருந்தது. சுமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் பேச ஆரம்பித்தேன். வலது கால், முன்னால் சின்னக் கல், அதுக்கு அந்தப் பக்கம் வை. இப்போ ஒரு படி எறக்கம், மணல்தான், பயமில்ல. தண்ணி இடமிருந்து தள்ளும், இடுப்ப இடது பக்கம் சாய்ச்சுக்க. இந்தப் பாறை சாய்வா இருக்கு, நடுவுல மிதிக்காத, என் காலு இருக்கிற எடத்துல வை. இன்னும் ஒரு ஜீப்பு நீளந்தான். பாதி ஜீப்பு. கைய நீட்டு, வேரு இருக்கு.

என் வாழ்நாளில் அவ்வளவு வார்த்தையை ஒரே மூச்சில் பேசியதில்லை. அதில் ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை. தண்ணீர் தொடை வரை வந்து தள்ளியபோதும் அவர் கால் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் சொன்னேன், அவர் வைத்தார்.

கரையில் ஒரு கை நீண்டு வந்து சுமதியைப் பிடித்தது. பிரபாகர். நாலடி தள்ளி நிற்கிற மனிதர், முழங்காலளவு வெள்ளத்துக்குள் இறங்கி நின்றிருந்தார். ஒரு கை மரத்து வேரில், ஒரு கை மனைவிக்கு.

மேலே ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது தட்டைப் பாறை இருந்த இடம் தெரியவில்லை. ஓடை முழுக்கச் செந்தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. பிரபாகர் அழுதார். தங்கராசு என்னை நாலு வார்த்தை நல்லபடியாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சுமதி ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார். துணி நுனியைப் பிழிந்துகொண்டே, "மீனு எவ்வளவு பெருசுண்ணே?" என்று கேட்டார்.

பெரியது என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்க விரும்பியதும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது ஒரு தடவைகூட மேலே வரவில்லை. "நான் பாக்கலம்மா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு" என்றார்.

தை மாதம்

ஓடை கலங்கினால் தெளிய நாளாகும். அவர்கள் மறுநாளே மதுரைக்குப் போய்விட்டார்கள். இனி வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என்னுடைய விருந்தாளிகளில் உயிர் தப்பிப் போனவர் என்று எனக்கு ஒருவரே இருக்கிறார். அவர் ஏன் திரும்பி வர வேண்டும்?

பாண்டியம்மாள் மட்டும், அந்தம்மா வரும், பாருங்க என்றாள். ஒரே ஒரு தடவை போனில் பேசியிருக்கிறாள். அதை வைத்துச் சொன்னாள்.

மழைக்காலம் முழுக்க நான் தோட்டத்துப் பெண்களை ஏற்றி இறக்கிக்கொண்டு ஜீப்பு ஓட்டினேன். காயெடுப்பு முடிகிற நேரம், தை பிறந்ததும், போன் வந்தது. அந்தக் கெண்டை அங்கேயேதான் இருக்கிறானா என்று விசாரித்தார். ஏதோ அடுத்த தெருவில் குடியிருப்பவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

இந்த முறை வந்தவர் வேறு சுமதி. மதுரையில் மாடியில் வைத்து வீசிப் பழகியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். என் களத்துமேட்டுக் கதையேதான்.

ஓடையில் இறங்கியதும் எனக்கு ஒரு கட்டளை போட்டார். "அண்ணே, நீங்க தண்ணிய மட்டும் சொல்லுங்க. எங்க வீசணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. எங்கே வீச வேண்டும் என்று சொல்வதற்குத்தானே நான் இருக்கிறேன். இருந்தாலும் சரி என்றேன். மடுவை அவருக்குச் சொன்னேன். இடது கரையில் தண்ணீர் வேகமாக வந்து பாறையில் முட்டுகிறது. அங்கே நுரை கட்டி மெதுவாகச் சுற்றுகிறது. நடுவில் கண்ணாடி போலக் கிடக்கிறது. வலது கரையில் ஆத்துவஞ்சி மரம் சாய்ந்து நிழல் விழுகிறது. நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு கோடு.

கண்ணாடி போலக் கிடக்கிற நடுவில் வீசுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் நுரையில் வீசியிருப்பேன். அவர் சற்று நேரம் யோசித்தார். உடம்பை வலது பக்கம் திருப்பினார். நூல் பின்னால் போய் நீண்டது. பொறுத்தார். பிறகு முன்னால் விட்டார். ஈ அந்த ஆத்துவஞ்சி நிழலின் விளிம்பில் போய், சருகு விழுவதுபோல உட்கார்ந்தது.

எனக்கு அது தப்பான இடமாகப் பட்டது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் தண்ணீர் பிளந்தது.

நெடுநேரம் பிடித்தது. இந்த முறை வானம் மேலேயும் கீழேயும் ஒரே நீலமாக இருந்தது. தங்கராசு மலை உச்சியில் நின்று மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவராக ஏற்றுக்கொண்ட வேலை. கெண்டை இரண்டு முறை வேருக்குப் பாய்ந்தது, இரண்டு முறையும் சுமதி திருப்பினார். மூன்றாவது முறை பக்கவாட்டில் சாய்ந்து, வலையருகே வந்தது. வலையைத் தண்ணீருக்குள் பிடித்தேன். மீனை அவரே உள்ளே கொண்டுவந்தார்.

கையை நனைத்துக்கொள்ளச் சொன்னேன். ஈரக் கையால் தொட்டால்தான் மீனின் வழவழப்பு உரியாது. அவர் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீருக்குள்ளேயே அதை ஏந்தினார். முழங்கை நீளம் இருக்கும். பொன்னிறமும் ஆலிவ் பச்சையும் கலந்த முதுகு, வால் ஓரத்தில் சிவப்பு. அதைச் சொல்லத்தான் நின்றேன். அவர் கேட்கவில்லை. அவர்தான் எனக்குச் சொன்னார். செதில் ஒவ்வொன்றும் பழைய எட்டணாக் காசு அளவு இருக்கிறது என்றார். உதடு ரப்பர் மாதிரி தடிப்பு என்றார். செவுள் திறந்து மூடுவது உள்ளங்கையில் தெரிகிறது என்றார். நான் முள்ளைக் கழற்றினேன். தண்ணீர் வருகிற பக்கம் மீனின் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். அது வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அவர் முகமெல்லாம் தண்ணீர்.

பிரபாகர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்துப் பார்த்தால், பதற்றத்தில் ஒரு தடவைகூடப் பட்டனை அமுக்கவில்லை. அவர் வருத்தப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட சுமதி வருத்தப்படவில்லை. படத்தை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்றார்.

இறக்கத்தில்

சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வந்தேன். போடிமெட்டு தாண்டிச் சில வளைவு இறங்கியதும் போனில் சிக்னல் கிடைத்தது. சுமதி உசிலம்பட்டியில் இருக்கிற தன் அக்காவைக் கூப்பிட்டார்.

முழுக் கதையையும் சொன்னார். மடு எப்படி இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் வேகமாக வந்தது, நுரை எங்கே சுற்றியது, நிழல் எங்கே விழுந்தது. நேரில் பார்த்தவரால்கூட அப்படிச் சொல்ல முடியாது. எப்படி வீசினார், மீன் எப்படி ஓடியது, எப்படித் திருப்பினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தக் கதையில் நான் எந்த இடத்திலும் வரவில்லை.

பின் சீட்டில் இருந்த பிரபாகருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மனைவியின் தோளைத் தொட்டு, அண்ணனைப் பற்றியும் சொல்லு என்று சொல்லப் போனார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

என்னோடு வந்த பெரிய பெரிய ஆட்கள் எழுதிக் கொடுத்த பாராட்டெல்லாம் உண்டு. தோளில் தட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. அதற்கெல்லாம் சந்தோஷப்பட்டவன்தான் நான். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குள் நிறைந்தது அந்த மாதிரிச் சந்தோஷம் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும். யார் இடத்தைக் காட்டியது என்றுதான் கேட்டிருப்பார்.

"யாரும் காட்டலக்கா" என்றார் சுமதி. "நானாப் பாத்துத்தான் வீசுனேன்."

அடுத்த வளைவில் திரும்பினால் சிக்னல் போய்விடும். ஜீப்பை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன்.